அன்னி பெசன்ட் அம்மையாரும் அவரோடு முரண்பட்டவர்களும்

கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையத்துக்கு முன்னால் நீண்ட தாடியோடு நிற்கும் சிலையை நம் மாணவிகளில் பலர் பார்த்திருப்பீர்கள். ஏறாவூரில் இரவுப் புகையிரதம் ஏறி விடியற்காலையில் கோட்டையில் இறங்குகிறவர்கள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவரைக் கடந்துதான் பேருந்துக்குப் போக வேண்டும். அவர் கேணல் ஹென்றி ஸ்டீல் ஒல்கொட், அமெரிக்கர். 1880 மே மாதம் காலியில் கரையிறங்கி, இந்நாட்டில் பௌத்த பாடசாலைகள் எழுவதற்குப் பெரிதும் பாடுபட்டவர். வரலாற்றுப் பாடநூலில் அவருக்கு ஓரிரு பந்திகள் உண்டு. அவர் இறந்த பின் அவருடைய நாற்காலியில் அமர்ந்து இருபத்தாறு ஆண்டுகள் ஒரு சபையை நடத்திய பெண்ணுக்கு நம் பாடநூலில் இடமில்லை. அந்தப் பெண்ணின் கதையைத்தான் இவ்வருட மலருக்கு எழுத எடுத்துக்கொண்டேன்.

எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. உயர்தர வகுப்பில் பாடபேதம் பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஒரே செய்யுளை இரண்டு ஏடுகள் இரண்டு விதமாகத் தருகின்றன. உரையாசிரியர் ஒருவர் ஒன்றை எடுக்கிறார், மற்றவர் மற்றதை எடுக்கிறார். ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: ஆசிரியர் சொன்னதை அப்படியே வைத்திருப்பவர் உண்மையான மாணவரா, அல்லது அதைத் திருத்தி வளர்ப்பவர் உண்மையான மாணவரா? இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்க முடியுமா டீச்சர்? மணி அடித்துவிட்டது. நானும் தப்பித்துவிட்டேன். செங்கலடிக்குத் திரும்பும் வழியில் என் நினைவுக்கு வந்தவர் அன்னி பெசன்ட் அம்மையார். இந்தக் கேள்வி அவரை வாழ்நாள் முழுவதும் துரத்தியது. அவர் சில நேரம் அதற்கு நன்றாக முகங்கொடுத்தார், சில நேரம் மோசமாக. இரண்டையும் எழுதுகிறேன்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அவர் தலைமை தாங்கிய பிரம்மஞான சபையின் நம்பிக்கைகள் உங்கள் இல்லங்களின் நம்பிக்கைகள் அல்ல. என் வீட்டு நம்பிக்கைகளும் அல்ல. அவற்றைப் பரப்புவதற்காக நான் எழுதவில்லை. ஓர் ஆசிரியரின் சொல்லுக்கு வாரிசு யார் என்று மாணவர்கள் சண்டையிட்டுக்கொண்ட கதை இது. அந்தச் சண்டை எந்த ஊரிலும் நடக்கக்கூடியது.

அன்னி வூட் 1847 ஒக்டோபர் 1ஆம் திகதி லண்டனில் பிறந்தார். ஐந்து வயதில் தந்தையை இழந்தார். தாய், ஹரோ என்ற இடத்திலுள்ள புகழ்பெற்ற ஆண்கள் பாடசாலையின் மாணவர்களுக்கு விடுதி நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார். எலன் மரியற் என்ற பெண்மணி சிறுமியைத் தம்மிடம் அழைத்துச் சென்று நல்ல கல்வி கொடுத்தார். அந்தக் காலத்து ஆங்கிலப் பெண்பிள்ளைகளுக்கு அது எளிதில் கிடைக்காத வாய்ப்பு. 1867இல், இருபது வயதில், பிராங்க் பெசன்ட் என்ற பாதிரியாருக்கு வாழ்க்கைப்பட்டார். ஒரு மகன், ஒரு மகள்.

1871இல் இரண்டு பிள்ளைகளுக்கும் கக்குவான் இருமல் வந்தது. குழந்தை மேபல் சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினாள். பல இரவுகள் விழித்திருந்த தாயின் மனத்தில் சமயத்தைப் பற்றிய கேள்விகள் எழுந்தன. அவர் கேள்விகளை மறைக்கவில்லை. ஒக்ஸ்போர்டுக்குப் போய் அக்காலத்தின் பெரிய இறையியல் அறிஞரான பூசி என்பவரைச் சந்தித்து விளக்கம் கேட்டார். அவருக்குக் கிடைத்தது விளக்கமல்ல, அளவுக்கு மீறி வாசித்துவிட்டாய் என்ற கண்டிப்பு. கேள்வி கேட்கும் பெண்பிள்ளையிடம் புத்தகத்தை மூடு என்று சொல்வது எங்கும் நடப்பதுதான். அதன் பலன் என்னவென்பதற்கு இந்த அம்மையாரின் வாழ்க்கை ஒரு சாட்சி. கணவரின் தேவாலயத்தில் திருவிருந்தில் பங்குகொள்ள அவர் மறுத்தார். இணங்கு, இல்லையேல் வீட்டைவிட்டுப் போ என்ற நிலை வந்தது. 1873இல் சட்டப்படி பிரிந்தார். மகன் தந்தையோடும் மகள் தாயோடும் போயினர்.

பின்னர் சார்ள்ஸ் பிராட்லோ என்ற நாத்திகத் தலைவரோடு சேர்ந்து எழுதினார், மேடையேறிப் பேசினார். 1877இல் குடும்பக் கட்டுப்பாடு பற்றிய ஒரு சிறுநூலை இருவரும் வெளியிட்டதற்காக வழக்கு வந்தது. தண்டனை விதிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் ஒரு சட்ட நுணுக்கத்தால் நீங்கியது. ஆனால் 1878இல் வேறொரு நீதிமன்றம் சிறுமி மேபலைத் தாயிடமிருந்து பிரித்துத் தந்தையிடம் ஒப்படைத்தது. இப்படிப்பட்ட கருத்துகளை வெளியிடும் பெண் மகளை வளர்க்கத் தகுதியற்றவள் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். கருத்துக்காக ஒருவர் எவ்வளவு இழக்க நேரிடும் என்பதைப் பெசன்ட் புத்தகத்தில் படித்து அறிந்தவரல்லர். பிள்ளைகள் இருவரும் வளர்ந்து பெரியவர்களானதும் தாங்களாகவே தாயிடம் திரும்பி வந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1888இல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றின் பெண் தொழிலாளர் பட்ட துன்பத்தை அவர் எழுதினார். பலர் உங்கள் வயதுப் பிள்ளைகள். சொற்பக் கூலி, சிறு பிழைக்கும் அபராதம், வெண்பொசுபரசினால் தாடை எலும்பு அழுகும் நோய். கட்டுரை வந்த சில நாட்களில் ஏறக்குறைய 1,400 பேர் வேலையை நிறுத்தி வெளியே வந்தனர். மூன்று வாரத்துக்குள் வென்றனர். அதே ஆண்டு லண்டன் பாடசாலைச் சபைக்கும் அவர் தெரிவு செய்யப்பட்டார்.

அந்த 1888இலேதான் பிளாவட்ஸ்கி அம்மையாரின் இரகசியக் கோட்பாடு என்ற பெருநூல் வெளிவந்தது. ரஷ்யாவில் பிறந்த பிளாவட்ஸ்கியும் ஒல்கொட்டும் வேறு சிலரும் 1875இல் நியூயோர்க்கில் தொடங்கியதுதான் பிரம்மஞான சபை. இன, மத, சாதி, நிற, ஆண் பெண் வேறுபாடு பாராத ஒரு சகோதரத்துவத்தின் கருவாக இருப்பது அதன் முதல் நோக்கம். சமயங்களையும் தத்துவங்களையும் ஒப்பிட்டுக் கற்பது இரண்டாவது. இயற்கையிலும் மனிதரிலும் மறைந்திருப்பவற்றை ஆராய்வது மூன்றாவது. இந்த நோக்கங்களை ஏற்பவர் எவரும் சேரலாம், தம் சமயத்தை விடவேண்டியதில்லை. 1882இல் தலைமையகம் சென்னை அடையாற்றுக்கு வந்தது. காகிதத்தில் இது மிக விரிந்த வாசல். ஆனால் பிளாவட்ஸ்கி, தமக்கு மகாத்மாக்கள் என்ற மறைவான ஆசான்கள் இருப்பதாகவும் அவர்களிடமிருந்தே போதனையும் கடிதங்களும் வருவதாகவும் சொன்னார். சபைக்குக் கோட்பாடு எதுவும் இல்லை என்பது விதி. சபையில் பெரும்பாலோர் நம்பிய கோட்பாடோ இருந்தது. பின்னால் வந்த சண்டைகள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவே விளைந்தவை என்பது என் கணிப்பு.

இரகசியக் கோட்பாட்டுக்கு மதிப்புரை எழுதும்படி ஒரு பத்திரிகையாசிரியர் பெசன்டிடம் புத்தகத்தைக் கொடுத்தார். மதிப்புரை எழுதப் போனவர் ஆசிரியரைச் சந்தித்து, 1889 மே மாதம் சபையில் சேர்ந்துவிட்டார். நாத்திகத் தோழர்களுக்கு இது இடி விழுந்தது போல. பிராட்லோ இந்த முடிவைத் தாம் ஏற்கவில்லை என்று தம் பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார். ஆனால் பதினைந்து வருடத் தோழமையை இழிவுபடுத்தவில்லை, அவருடைய நேர்மையையும் சந்தேகிக்கவில்லை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று. கருத்து மாறியவரைத் துரோகி என்று அழைக்காமல் விடுவதற்கு எவ்வளவு பெரிய மனம் வேண்டும்!

1891 மே 8ஆம் திகதி பிளாவட்ஸ்கி இறந்தார். சண்டை தொடங்க அதிக காலம் எடுக்கவில்லை. அமெரிக்கக் கிளையின் தலைவர் வில்லியம் குவான் ஜட்ஜ், சபையை நிறுவியவர்களில் ஒருவர். மகாத்மாக்களிடமிருந்து வந்தவையாக அவர் சிலருக்குக் கொடுத்த கடிதங்கள் உண்மையானவையா என்ற கேள்வி எழுந்தது. 1894இல் பெசன்டே விசாரணை கோரினார். ஜூலை மாதம் லண்டனில் விசாரணைக் குழு கூடியது. அங்கே நடந்தது வேடிக்கையானது, ஆழமானதுங்கூட. கடிதங்கள் பொய் என்றோ மெய் என்றோ தீர்ப்பளிக்க வேண்டுமானால், மகாத்மாக்கள் இருக்கிறார்களா என்பதைச் சபை முதலில் தீர்மானிக்க வேண்டும். அப்படித் தீர்மானித்தால் அது சபையின் கோட்பாடாகிவிடும். சபைக்கோ கோட்பாடு இருக்கக்கூடாது. ஆகவே எங்களுக்கு இதை விசாரிக்க அதிகாரமில்லை என்று குழு கலைந்தது.

சிலர் இதைத் தந்திரம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு மனிதரைப் பிடிக்க வேண்டும் என்ற ஆத்திரத்தில் எல்லாருடைய சுதந்திரத்துக்கும் வேலி போட அந்தக் குழு மறுத்துவிட்டது. ஆனாலும் பிளவு நிற்கவில்லை. ஆவணங்கள் லண்டன் பத்திரிகை ஒன்றின் கைக்குப் போயின. கேலிக் கட்டுரைகள் தொடர்ந்து வந்தன. அடையாற்றில் நடந்த மாநாடு ஜட்ஜைப் பதவி விலகச் சொன்னது. 1895 ஏப்ரலில் பொஸ்டன் நகரில் அமெரிக்கக் கிளை தனிச் சபையாகப் பிரிந்தது. அடுத்த ஆண்டு ஜட்ஜ் இறந்துபோனார். அவர் வழியில் வந்தவர்களில் ஒரு பகுதியினர் 1909இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில், பிளாவட்ஸ்கியும் ஜட்ஜும் எழுதிய மூல போதனைகளை மட்டும் கற்போம் என்று ஓர் ஐக்கிய மன்றத்தைத் தொடங்கினார்கள்.

மூலம் என்ற சொல் வந்துவிட்டது. நம் வகுப்பறைக்கு நெருக்கமான விடயமும் இங்கேதான் இருக்கிறது.

1893இல் பெசன்டும் மீட் என்ற அறிஞரும் சேர்ந்து இரகசியக் கோட்பாட்டின் திருத்திய பதிப்பை வெளியிட்டார்கள். பிளாவட்ஸ்கிக்கு ஆங்கிலம் தாய்மொழியல்ல; முதற்பதிப்பில் அச்சுப் பிழைகளும் மேற்கோள் பிழைகளும் மலிந்திருந்தன. திருத்தும்படி ஆசிரியரே விரும்பினார் என்பது அவர்களின் நியாயம். ஆனால் பிறகு இரண்டு பதிப்புகளையும் பக்கத்தோடு பக்கம் வைத்து ஒப்பிட்டவர்கள் மாற்றங்களை ஆயிரக் கணக்கில் எண்ணினார்கள். பல, புள்ளியும் எழுத்துக்கூட்டலுந்தான். எல்லாமே அப்படியல்ல என்றார்கள் எதிர்த்தவர்கள். 1897இல் எஞ்சிய கையெழுத்துப் பிரதிகளிலிருந்து பெசன்ட் மூன்றாம் பாகம் என்று ஒன்றை வெளியிட்டபோது, ஆசிரியர் வாக்களித்த மூன்றாம் பாகம் இதுவல்ல என்ற குரலும் எழுந்தது.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் தமிழில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பாருங்கள். 1887இல் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையைப் பதிப்பித்தார். அதே 1887இல் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். செல்லரித்த ஏடுகளை வைத்துக்கொண்டு அவர்கள் பட்ட பாடு நீங்கள் அறிந்ததே. ஐயர் தம் பதிப்புகளில் கடைப்பிடித்த முறை என்ன? தாம் சரியென்று கொண்ட பாடத்தை மேலே வைத்தார். பிற ஏடுகளில் கண்ட பாடங்களை அடிக்குறிப்பில் வைத்தார். தம்மோடு உடன்படாத வாசகனுக்கும் பக்கத்தின் அடியில் ஓர் இருக்கை போட்டு வைத்தார். பெசன்ட் செய்யத் தவறியது இந்த இருக்கையைப் போடுவதைத்தான். திருத்தியது குற்றமல்ல, எங்கே திருத்தினேன் என்று பக்கந்தோறும் காட்டாமல் விட்டதே குற்றம் என்று ஒரு தமிழ் ஆசிரியையாக நான் சொல்வேன். 1925இல் அந்த ஐக்கிய மன்றத்தைச் சேர்ந்தவர்கள் 1888ஆம் ஆண்டு முதற்பதிப்பை, பிழைகளோடு, ஒளிப்பட நகலாக அப்படியே அச்சிட்டார்கள். அச்சுப் பிழையையும் அமானிதமாகக் காத்தார்கள் என்று சொல்லலாம்.

பெசன்ட் 1893 நவம்பரில் முதன்முறையாகக் கீழைநாட்டுக்கு வந்தபோது கொழும்பில் இறங்கி, இலங்கையில் சில சொற்பொழிவுகள் ஆற்றிவிட்டுத்தான் தூத்துக்குடிக்குக் கப்பலேறினார். அந்தப் பத்தாண்டில் நம் நாட்டிலும் கல்வி பற்றிய புதிய வேகம் இருந்தது. கண்டியில் அறிஞர் சித்தி லெப்பை முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை தொடங்கியது 1891இல். கொழும்பு மருதானையில் பின்னாளில் ஸாஹிறாக் கல்லூரியாக வளர்ந்த கல்விக்கூடம் தொடங்கியது 1892இல். பெசன்ட் காசியில் 1898இல் மத்திய இந்துக் கல்லூரியையும், சில ஆண்டுகளில் பெண்களுக்கான பாடசாலையையும் நிறுவினார். அந்தக் கல்லூரியே பிறகு காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் கருவாயிற்று. 1901இல் அடையாறு மாநாட்டில் அவர் ஆற்றிய நான்கு சொற்பொழிவுகளில் முதலாவது இஸ்லாத்தைப் பற்றியது. நபிகளாரின் வாழ்வையும் அறபு உலகின் அறிவியல் பணியையும் மதிப்போடு எடுத்துரைத்த உரை அது. பெரும்பாலும் இந்துக்கள் நிறைந்த ஓர் அவையில் அந்த நாளில் அப்படிப் பேசியது சிறிய விடயமல்ல.

1907 பெப்ரவரியில் ஒல்கொட் அடையாற்றில் காலமானார். பெசன்ட் தலைவரானார். இனி வருவது அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் நெருடலான பகுதி.

1909இல் அடையாற்றுக் கடற்கரையில் லெட்பீட்டர் என்ற அவருடைய சக ஊழியர் ஒரு மெலிந்த பதினான்கு வயதுச் சிறுவனைக் கண்டார். மதனபள்ளியில் பிறந்த ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி. தந்தை சபையில் வேலை பார்த்தவர், தாய் இறந்துவிட்டார். இந்தப் பையன் உலகுக்கு வரப்போகும் போதகருக்குரிய உடல் என்று அவர்கள் நம்பினார்கள். பெசன்ட் அவனையும் தம்பியையும் தம் பொறுப்பில் எடுத்து வளர்த்தார். 1911இல் கிழக்கின் நட்சத்திரச் சங்கம் என்ற உலக அமைப்பு அவனைத் தலைவனாக்கித் தொடங்கப்பட்டது. பிளாவட்ஸ்கியின் எழுத்தில் இது எங்கே இருக்கிறது என்று பழைய மாணவர்கள் கேட்டார்கள். காசிக் கல்லூரியில் அவருடைய வலக்கரமாயிருந்த பகவான் தாஸ் கேட்டார். ஜேர்மன் கிளையின் செயலாளர் ருடோல்ப் ஸ்டைனர் வன்மையாகக் கேட்டார். தந்தையே பிள்ளைகளைத் திருப்பித் தரும்படி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். சென்னையில் பெசன்ட் தோற்றார். 1914இல் லண்டன் பிரிவுக் கவுன்சிலில் வென்றார். ஒரு காலத்தில் நீதிமன்றத்தால் மகளை இழந்த தாய் அவர். இன்னொருவரின் பிள்ளைகளுக்காக நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பில் நின்றபோது அவர் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். புதுச்சேரியில் இருந்த நம் பாரதியார் சும்மா இருக்கவில்லை. பொன் வால் நரி என்று ஒரு கேலிக்கதை எழுதி அம்மையாரை ஒரு பிடி பிடித்தார்.

ஸ்டைனரின் விவகாரத்தில் இரு பக்கத்திலும் பிழை இருந்தது. நட்சத்திரச் சங்கத்தில் இருப்பவர்கள் ஜேர்மன் கிளையில் இருக்கக்கூடாது என்று 1912 இறுதியில் அங்கே முடிவெடுத்தார்கள். நம்பிக்கைக்காக எவரையும் வெளியேற்றக்கூடாது என்ற விதிக்கு அது முரண். ஆனால் அதற்குப் பெசன்ட் கொடுத்த பதில், 1913இல் அந்தக் கிளையின் சாசனத்தையே இரத்துச் செய்தது. ஜேர்மன் உறுப்பினரில் பெரும்பாலோர் ஸ்டைனரோடு போய்ப் புதிய சங்கம் ஒன்றில் சேர்ந்தார்கள். சகிப்புத்தன்மை என்ற விதியைக் காப்பாற்றுவதற்காகப் பேசிப் பார்க்கும் பொறுமையை அவர் கைவிட்டார். இருபது வருடத்துக்கு முன் லண்டன் குழு காட்டிய தயக்கம் இப்போது அவரிடம் இருந்திருக்கலாம்.

அரசியலைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதுவே தனிக் கட்டுரைக்குரியது. 1914இல் நியூ இந்தியா நாளிதழ், 1916இல் சுயாட்சி இயக்கம், அதே ஆண்டு லக்னோவில் காங்கிரசுக்கும் முஸ்லிம் லீக்குக்கும் ஏற்பட்ட உடன்பாட்டுக்கு ஆதரவு. 1917 ஜூனில் ஆங்கில அரசு அவரை ஊட்டியில் காவலில் வைத்தது. அதைக் கண்டித்தே முகம்மது அலி ஜின்னா அவருடைய இயக்கத்தில் சேர்ந்து பம்பாய்க் கிளையின் தலைவரானார். விடுதலையானதும் அவ்வாண்டு டிசெம்பரில் கல்கத்தாவில் காங்கிரசின் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதற்பெண் அவர். அதே 1917இல் அடையாற்றில் தொடங்கிய இந்தியப் பெண்கள் சங்கத்துக்கும் அவரே முதல் தலைவர். அந்தச் சங்கத்தைத் தொடங்க முன்னின்றவர்களில் ஒருவர் டொரதி ஜினராஜதாச. நம் நாட்டுச் சிங்களவரான ஜினராஜதாசவின் மனைவி. பிறகு காந்தியடிகளின் ஒத்துழையாமையை எதிர்த்தபோது, தோளில் தூக்கிய கூட்டம் அவரைக் கூச்சலிட்டு அடக்கியது. அவர் தம் கருத்தை மாற்றவில்லை.

ஊட்டியில் அவரோடு காவலில் இருந்தவர்களில் ஒருவர் பி. பி. வாடியா. பம்பாய்ப் பார்சி. 1918இல் திரு. வி. க. முதலானோரோடு சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தை நிறுவிய அதே வாடியா. பெசன்ட் மகனைப்போல நம்பிய மனிதர். 1922 ஜூலையில் அவர் சபையை விட்டு விலகினார். சபை பிளாவட்ஸ்கியின் மூல போதனையிலிருந்து வழுவி வேறெங்கோ போய்விட்டது என்று உறுப்பினர் அனைவருக்கும் நீண்ட கடிதம் எழுதி, அமெரிக்காவில் இருந்த அந்த ஐக்கிய மன்றத்தில் சேர்ந்தார். அக்காலத்தில் பிளாவட்ஸ்கிக்குத் திரும்புவோம் என்ற குரல் பல நாடுகளிலும் கேட்டது. செங்கலடிச் சந்தியில் பதுளை வீதி பிரிந்து மேற்கே போவதை நாம் தினமும் பார்க்கிறோம். பிரியும் வீதியின்மேல் திருகோணமலை வீதி கோபிப்பதில்லை. மனிதருக்கு அது வருவதில்லை. இரு பக்கத்தாரும் கடுமையாகவே எழுதிக்கொண்டார்கள்.

ஆனால் அந்தக் கசப்பிலிருந்து ஒரு நல்ல காரியமும் விளைந்தது. 1924இல் பெசன்டின் தலைமையில் சபையின் பொதுக்குழு சிந்தனைச் சுதந்திரம் பற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. சபையின் மூன்று நோக்கங்களைத் தவிர வேறெந்தக் கொள்கையும் உறுப்பினரைக் கட்டுப்படுத்தாது. எந்த ஆசிரியருக்கும், பிளாவட்ஸ்கிக்குங்கூட, தம் போதனையை உறுப்பினர்மேல் திணிக்கும் அதிகாரம் இல்லை. விரும்பிய ஆசிரியரைப் பின்பற்ற ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு, பிறரை அதற்குக் கட்டாயப்படுத்த உரிமை இல்லை. இது வாடியாவுக்குச் சொன்ன பதில் என்று ஒருவர் வாசிக்கலாம். அதே தீர்மானம் தலைவியின் கையையும் கட்டிப்போட்டது என்று நான் வாசிக்கிறேன். நட்சத்திரச் சங்கத்தை நம்பாதவரை இனி எவரும் குறைசொல்ல முடியாது.

ஐந்து வருடத்தில் அதற்குப் பரீட்சை வந்தது, எவரும் எதிர்பாராத இடத்திலிருந்து. 1929 ஓகஸ்ட் 3ஆம் திகதி, ஒல்லாந்தின் ஓமன் என்ற ஊரில் நட்சத்திரச் சங்கத்தின் முகாம். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடியிருந்தார்கள். எண்பத்தொரு வயதான பெசன்ட் அவையில் இருந்தார். கிருஷ்ணமூர்த்தி எழுந்து, உண்மையை அமைப்பாக்க முடியாது, தமக்குச் சீடர்கள் வேண்டாம் என்று விளக்கி, தாம் தலைவராயிருந்த சங்கத்தைக் கலைத்துவிட்டார். சங்கத்துக்குக் கொடுக்கப்பட்ட நிலமும் மாளிகையும் கொடுத்தவர்களிடமே திருப்பிக் கொடுக்கப்பட்டன.

பதினெட்டு வருட உழைப்பு ஒரு காலைப்பொழுதில் போயிற்று. இந்த நம்பிக்கைக்காகத்தான் அவர் ஸ்டைனரை இழந்தார், பகவான் தாஸை இழந்தார், ஒரு தந்தையின் சாபத்தை வாங்கினார். இப்போது அந்தப் பையனே, நீங்கள் கட்டியது தேவையில்லை என்கிறான். வேறொரு தலைவர் என்றால் அவனையும் வெளியேற்றியிருப்பார். சுற்றியிருந்தவர்களிற் சிலர் அவன் வழிதவறிவிட்டான் என்று சொல்லத் தொடங்கியும் இருந்தார்கள். பெசன்ட் அவனைக் கண்டிக்கவில்லை. அவர் சொல்வதைத் தம்மால் முழுவதும் விளங்கிக்கொள்ள முடியவில்லை, ஆனாலும் அவர்மேல் உள்ள நம்பிக்கை குறையவில்லை என்ற நிலையிலேயே நின்றார். ஓமன் கூட்டத்துக்கு முந்தைய ஆண்டு, கிருஷ்ணமூர்த்தியின் பேச்சுக்கு இடையூறாக இருக்கக்கூடாது என்று தம் உள்வட்டப் பயிற்சிப் பிரிவையே சிலகாலம் மூடி வைத்திருந்தார். பிறகு அதைத் திரும்பத் திறந்தார். ஒரு கையில் தம் ஆசான்கள், மறு கையில் தாம் வளர்த்த பிள்ளை. இரண்டையும் விட அவரால் முடியவில்லை. அந்தத் தடுமாற்றத்தைப் பலவீனம் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அவர் வாழ்நாளில் காட்டிய சகிப்புத்தன்மைகளில் அதுதான் பெரிதாகத் தெரிகிறது; ஏனென்றால் அதுதான் அவருக்கு மிக அதிகமாக வலித்தது.

கிருஷ்ணமூர்த்தி சபையிலிருந்தும் விலகிக்கொண்டார். பெசன்டின் நினைவு மங்கத் தொடங்கியது. 1933 மே மாதம் கிருஷ்ணமூர்த்தி அடையாறு வந்து அவரைக் கடைசி முறையாகப் பார்த்தார். 1933 செப்டெம்பர் 20ஆம் திகதி, எண்பத்தைந்து வயதில், அம்மையார் அடையாற்றிலேயே காலமானார்.

முரண்பட்டவர்கள் எங்கே போனார்கள் என்று மாணவிகள் கேட்பீர்கள். ஸ்டைனரின் பெயரால் நடக்கும் பாடசாலைகள் இன்று பல நாடுகளில் உள்ளன. வாடியா 1945இல் பெங்களூரில் தொடங்கிய பண்பாட்டு நிறுவனம் இப்போதும் இயங்குகிறது. பிளாவட்ஸ்கியின் முதற்பதிப்பை அவருடைய மன்றத்தார் இன்னும் வாசிக்கிறார்கள். டொரதியின் கணவர் ஜினராஜதாச பின்னாளில் சபையின் தலைவரானார். அடையாற்றுத் தோட்டத்துக்குள் ஒரு கோயிலும் தேவாலயமும் புத்த விகாரையும் பள்ளிவாசலும் இருக்கின்றன.

கிருஷ்ணமூர்த்தி மட்டும் நெடுங்காலம் அந்தத் தோட்டத்துக்குள் காலடி வைக்கவில்லை. சென்னைக்கு வரும்போதெல்லாம் அடையாற்றின் வடகரையில் வசந்த விகாரத்தில் தங்கினார். சபை தென்கரையில் இருந்தது. இடையில் ஓடுவது நம் வாவியைவிட மிகக் குறுகிய ஓர் ஆறு. 1980இல் சபையின் புதிய தலைவி ராதா பேர்னியர் அழைத்தார். அவர் சம்மதித்தார். பெசன்ட் இறந்து நாற்பத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு, எண்பத்தைந்து வயதுக் கிழவராக, அந்த வாசலால் உள்ளே வந்தார். அதற்குப் பின் சென்னையில் இருக்கும் நாட்களில் மாலையானதும் தோட்டத்தின் ஊடாகக் கடற்கரைக்கு நடந்து போவார், தாம் சிறுவனாகக் கண்டெடுக்கப்பட்ட அதே கடற்கரைக்கு.